கவிழ்க்காத கிளாஸ்

அந்த பீர் ஆலையின் ருசி பார்க்கும் அறைக்கு என்று ஒரு வழக்கம் இருந்தது. ஐந்து பேர் ஐந்து தடுப்புகளுக்குள் உட்காருவார்கள். ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாது. பேசக்கூடாது. தொண்டையைக் கனைக்கக்கூடாது. சும்மா உச்சுக்கொட்டினால்கூட எழுப்பி வெளியே அனுப்பிவிடுவார்கள். எதிரே இருக்கும் சின்ன ஜன்னல் வழியாக எண் ஒட்டிய கிளாஸ் ஒன்று வரும். எந்தத் தொட்டி, என்றைக்குக் காய்ச்சியது என்று ஒரு தகவலும் கிடையாது. பார்த்து, முகர்ந்து, குடித்துவிட்டு மிச்சத்தைக் காலடி வாளியில் ஊற்ற வேண்டும். பீர் வெளியே போகலாம் என்றால் கிளாஸை நிமிர்த்தி வைக்க வேண்டும். கூடாது என்றால் கவிழ்த்து வைக்க வேண்டும். எல்லோரும் முடித்ததும் லேப் மேடம் ஒரு கயிற்றை இழுப்பார். ஐந்து ஜன்னல்களும் ஒன்றாக மேலே போகும். ஐந்து கிளாஸ்களும் வரிசையாகத் தெரியும். மூன்று கவிழ்ந்திருந்தால் அந்தத் தொட்டியின் கதை அன்றோடு சரி.

அந்த வரிசையில் ஓரத்துத் தடுப்பு அவளுடையது. ஆலையில் அவளைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. மூக்குத்தி என்றால்தான் தெரியும். இத்தனைக்கும் அவள் மூக்கில் ஒன்றும் குத்தியிருக்கவில்லை. ஆலைக்குள் நகையே போடக்கூடாது. லேபில் கண்ணாடிச் சாமான் கழுவ வந்தவள், மேடம் எல்லோருக்கும் வைக்கும் மூக்குச் சோதனையில் ஒன்றுவிடாமல் சரியாகச் சொன்னதால், பாட்டில் நிரப்பும் பகுதி சூப்பர்வைசர் வைத்த பெயர் அது. “ஆளு இத்தனூண்டு, மூக்குல மட்டும் மின்னுது” என்றான். அவனுக்கும் அவள் பதிலுக்கு ஒரு பெயர் வைத்தாள்: மூடி. பாட்டிலுக்கு மூடி போடுகிறவன், வாயை மட்டும் மூடத் தெரியாதவன்.

அவளுடைய கணவர்தான் ஆலையின் மாஸ்டர். கல்யாணமானபோது அவர் குழாய் இழுக்கிற ஆள்தான். படிப்படியாக ஏறி, காய்ச்சும் பொறுப்பு முழுக்க அவர் கைக்கு வந்த அன்று, மேடம் அவளைத் தனியாக அழைத்துக் கேட்டார்.

“இனிமே நீ அந்தத் தடுப்புல உக்காரலாமா மூக்குத்தி? உன் வீட்டுக்காரர் பீராச்சே.”

“கிளாஸ்ல அவர் மூஞ்சியா ஒட்டியிருக்கப்போகுது, மேடம்?” என்றாள் அவள்.

சொன்னபடியே முதல் மாதத்திலேயே அவர் பீரை ஒரு தடவை கவிழ்த்துவிட்டாள். அன்று வீட்டில் அவர் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “குழம்பு வெளியே போகக்கூடாது” என்று சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் உட்காரலாமா என்று யாரும் கேட்டதில்லை. மூக்குத்தி நிமிர்த்தினால் நிமிர்ந்தது, கவிழ்த்தால் கவிழ்ந்தது.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் அவருக்குச் சளியோடு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது வாசனையையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. முதலில் அவர் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் கையில் டம்ளரை வைத்துக்கொண்டே, “இன்னிக்குக் காப்பி போடலியா?” என்று கேட்டார். அவள் திரும்பிப் பார்த்தாள். டம்ளர் நிறையக் காப்பி ஆவி பறந்துகொண்டிருந்தது. அவர் வெந்நீர் என்று நினைத்து ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தபடி உறிஞ்சிக்கொண்டிருந்தார். நாக்குக்கு இனிப்பு தெரிந்தது, கசப்பு தெரிந்தது, சூடு தெரிந்தது. மற்றதெல்லாம் சுவர்.

“மேடத்துக்கிட்ட சொல்லிடலாங்க. டாக்டரும் திரும்பி வரலாம்னுதானே சொல்றாரு.”

“சொன்னா? வாசல் நாற்காலிதான்.”

வாசல் நாற்காலி என்னவென்று அவளுக்குத் தெரியும். அவருக்கு முன்னால் மாஸ்டராக இருந்தவருக்கு வயதாகி மூக்கு மங்கியபோது, முதலாளி ரொம்ப மரியாதையாக அவரை ஆலோசகர் ஆக்கி, வாயிற்கதவுக்குப் பக்கத்தில் மெத்தை தைத்த ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். போகிற வருகிறவர்கள் எல்லோரும் வணக்கம் சொன்னார்கள். ஆலோசனை மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. மனுஷர் பார்சல் வண்டிகளுக்குக் கை காட்டியே காலத்தை ஓட்டினார். அவர் போன பிறகும் அந்த நாற்காலி அங்கேயே கிடந்தது. அதைத் தாண்டும்போதெல்லாம் மாஸ்டர் வேறு பக்கம் பார்ப்பார்.

அதனால் இருவருக்குமாக ஒரு மூக்கு என்று ஆயிற்று. சாயங்காலம் அவர் சாப்பாட்டுப் பையில் இரண்டு சின்ன பாட்டில்கள் வரும், ஒரே தொட்டியில் பிடித்தவை. ஒன்றை அவள் குளிர்பெட்டியில் வைப்பாள். மற்றதை இறுக மூடி, அடுப்பில் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கிவிட்டுச் சமையலைப் பார்ப்பாள். சமையல் முடிந்ததும் அதை எடுத்து ஆறவைத்து, இரண்டையும் திறந்து முகர்வாள். சூடு கண்ட பாட்டிலில் வெண்ணெய் வாடை வந்தால் ஈஸ்ட் தன் வேலையை முடிக்கவில்லை என்று அர்த்தம். அது தான் போட்ட குப்பையைத் தானே தின்று தீர்க்கிற வரைக்கும் தொட்டியைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக விட்டுவைக்க வேண்டும். அவசரப்பட்டுக் குளிருக்கு இறக்கினால் அந்த வாடை பீரிலேயே தங்கிவிடும்.

“இன்னும் ரெண்டு நாள் விடுங்க” என்பாள். மறுநாள் அவர் ஆலையில் தொட்டிக்கு முன்னால் நின்று, கிளாஸைச் சுழற்றி மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடித் திறந்து, “இன்னும் ரெண்டு நாள் விடலாம்” என்பார். அந்த நடிப்பு அவளுக்குச் சிரிப்பாக இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், அந்த இரண்டு வருடங்களில் ஒரு தொட்டிகூடக் கவிழவில்லை. “மாஸ்டர் கை எப்படித் தேறிடுச்சு பாத்தீங்களா” என்று மூடி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

பிறகு அவளுடைய அம்மா படுத்துவிட்டாள்.

அம்மா இருந்த தங்கச்சி வீடு வேறு ஊரில், ஒரு நாள் பயணத்தில். லீவு போட்டுவிட்டுப் போனவள் மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும்படி ஆயிற்று. அந்த நேரத்தில்தான் ஆலையில் ‘டபுள்’ காய்ச்சினார்கள். வருஷத்துக்கு ஒரே தரம் காய்ச்சுகிற ஜெர்மன் பாணிக் கறுப்பு லாகர் அது, காட்டமானது. லேபிளில் இருக்கும் டோப்பல்பாக் என்ற பெயர் யார் வாயிலும் நுழையாததால் டபுள் ஆகிவிட்டது. மற்ற பீரெல்லாம் வாரங்களில் தயாராகும். இது மாதங்கள் குளிரில் கிடந்து பழுக்க வேண்டும். மால்ட் என்கிற வறுத்த தானியத்தின் கனமும், ரொட்டியின் மேல்தோல் வாசனையும், உலர்ந்த பழத்தின் சாயலும் ஒன்றோடொன்று சமாதானமாகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். முதலாளி ஊரெல்லாம் பெருமையடித்துக்கொள்வது அதை வைத்துத்தான்.

அவர் தொலைபேசியில் கூப்பிட்டபோது அவள் அம்மாவுக்கு ஸ்பூனால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

“டபுள்ல சர்க்கரை அளவு இறங்கி நின்னுடுச்சும்மா. மானி அசையவே இல்ல. குளிருக்கு இறக்கட்டுமா?”

“மோந்து பாக்காம இறக்காதீங்க.”

“யாரு மோப்பா?”

“நான் வர்ற வரைக்கும் விட முடியாதா?”

“அடுத்த காய்ச்சலுக்குத் தொட்டி வேணும். முதலாளி நெருக்குறாரு.”

அம்மாவுக்குப் புரையேறியது. “அப்புறம் பேசறேங்க” என்று வைத்துவிட்டாள். அப்புறம் அவள் கூப்பிடவில்லை. அன்றைக்கு ராத்திரியிலிருந்து அம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டது. அதற்குப் பிறகு யாருக்கு டபுள் ஞாபகம்?

எல்லாம் முடிந்து, துணிமணிகளைத் தங்கச்சியோடு பங்கு பிரித்து, அவள் வீடு திரும்பியபோது டபுள் குளிர் தொட்டியில் கிடந்தது. “எப்படி இருக்குங்க?” என்று கேட்டாள். “நல்லாத்தான் இருக்கும்” என்றார் அவர். இருக்கு என்று சொல்லவில்லை, இருக்கும் என்றார். ஒரு பாட்டில் கொண்டுவாருங்கள் என்று அவளும் கேட்கவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. இனி முகர்ந்து என்ன செய்ய? வெந்த சோறு மறுபடி அரிசியாகுமா?

வேலைக்குத் திரும்பிய அந்த வாரமே கிளாஸ் வந்தது.

ஜன்னல் வழியாக அதைப் பார்த்ததும் முதலில் அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அத்தனை அழகு. மேஜை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினால், கறுப்புக்குள்ளிருந்து மாதுளைச் சிவப்பு எட்டிப்பார்த்தது. ஒரு துளி கலங்கல் இல்லை. நுரை காப்பி நிறத்தில் விரற்கடை உயரம் எழுந்து நின்றது. அவருக்குக் கண் மட்டும்தான் மிச்சம். அந்தக் கண்ணால் எவ்வளவு முடியுமோ அவ்வளவும் செய்திருந்தார்.

கிளாஸின் வாயை உள்ளங்கையால் மூடி, மெல்லச் சுழற்றி, கையை எடுத்தாள்.

வெண்ணெய்.

மிட்டாய்க் கடையில் வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சும்போது தெருவரைக்கும் வருமே, அந்த வாடை. பின்னால் ரொட்டி இருந்தது, பழம் இருந்தது. ஆனால் எதுவும் முன்னால் வர முடியவில்லை. கல்யாண வீட்டு வாசலை ஒரே ஆள் அடைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி அது நின்றது. ஒரு வாய் குடித்தாள். இனிப்பு நாக்கில் படிந்து நகராமல் உட்கார்ந்தது. எண்ணெய் பூசின மாதிரி அண்ணத்தில் ஒரு வழவழப்பு. விழுங்கியபோது சாராயச் சூடு தொண்டையைத் தனியாகச் சுட்டது. கனத்தோடு கலந்து வர வேண்டிய சூடு கனத்தை விட்டுவிட்டுத் தான் மட்டும் வந்தது. நிறத்துக்காகக் கருக வறுத்த தானியத்தைக் கொஞ்சம் கூடவே போட்டிருக்கிறார் போல, சாம்பல் மாதிரி ஒரு காய்வு. கடைசியில், ரொம்பக் கடைசியில், ஒரு சின்னக் கசப்பு எழுந்து வாயைத் துடைத்துவிட்டுப் போனது. அது ஒன்றுதான் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது.

நுரை அதற்குள் விழுந்துவிட்டிருந்தது.

மிச்சத்தை வாளியில் ஊற்றினாள். கை கிளாஸைக் கவிழ்க்கப் போனது. பழகின கை, அது யோசிக்காது. அவள்தான் நிறுத்தினாள்.

வெண்ணெய் வாடை, கற்றுக்குட்டி செய்கிற தப்பு. மூக்கிருக்கிற எந்த மாஸ்டரும் அதைத் தாண்டித் தொட்டியைக் குளிருக்கு இறக்க மாட்டார். இந்தக் கிளாஸ் கவிழ்ந்தால் மேடம் கேட்கப்போகிற முதல் கேள்வி, மாஸ்டருக்கு இது எப்படித் தெரியாமல் போச்சு என்பதுதான். அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு; அதன் முடிவில் வாயிற்கதவும் மெத்தை நாற்காலியும் இருந்தன. கறுப்பு பீரில் மிட்டாய் வாசனை இயல்புதானே என்று இன்னும் இரண்டு பேர் ஏமாந்தால் போதும். ஐந்து பேரில் மூடி ஒருத்தன், இனிப்பு என்றால் உயிரை விடுவான். இன்னொருத்தர் கிடைக்க மாட்டாரா?

அவள் கிளாஸை நிமிர்த்தி வைத்தாள். வைத்த பிறகு கையை மடியில் புதைத்துக்கொண்டாள், அது தானாகப் போய்க் கவிழ்த்துவிடும் என்று பயந்த மாதிரி.

மேடம் கயிற்றை இழுத்தார். ஜன்னல்கள் மேலே போயின.

நாலு கிளாஸ் கவிழ்ந்திருந்தது. ஓரத்தில் ஒன்று மட்டும் நிமிர்ந்து நின்றது.

மூடிதான் முதலில், “அக்கா, தூங்கிட்டீங்களா? கவிழ்க்க மறந்துட்டீங்க பாருங்க” என்று சிரித்தான்.

“மறக்கல” என்றாள்.

மேடம் ஒவ்வொருவரிடமும் காரணம் கேட்டார். வெண்ணெய். வெண்ணெய். “வெண்ணெய் மேடம், ரொட்டிக்குத் தடவலாம்” என்றான் மூடி. நாலாவது ஆளும் அதையே சொன்னார். அவள் முறை வந்தது.

“எனக்கு மால்ட் வாசனைதான் வந்துச்சு, மேடம். நல்லா இருக்குன்னு நினைச்சேன்.”

மேடத்தின் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. “சளி பிடிச்சிருக்கா மூக்குத்தி? அம்மா போன துக்கத்துல உடம்பு கெட்டிருக்கும். நாளைக்குக் காலையில வா, ஒரு தடவை பாத்துடலாம்.”

மறுநாள் வைத்தது மூன்று கிளாஸ் சோதனை. இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மட்டும் ஒரு சொட்டு வெண்ணெய்ச் சாரம். வேறுபட்டது எது என்று காட்டினால் போதும். மேடம் தட்டைக் கொண்டுவந்து வைக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, நடுவில் இருக்கிறது என்று. குனிந்து முகரக்கூடத் தேவையிருக்கவில்லை.

சரியாகக் காட்டினால் நேற்றுப் பொய் சொன்னாள் என்று ஆகும். ஏன் சொன்னாள் என்று கேட்பார்கள். அவள் ஒவ்வொரு கிளாஸாக எடுத்து, சுழற்றி, முகர்ந்து, தொட்டிக்கு முன்னால் அவர் செய்யும்போது பார்த்துச் சிரித்த அதே நடிப்பை நடித்தாள். கண்ணை மூடித் திறந்தாள். இடது பக்கத்துக் கிளாஸைக் காட்டினாள்.

“அவசரமே இல்ல மூக்குத்தி. இன்னொரு தடவை பாரு” என்றார் மேடம். குரல் கெஞ்சியது.

மறுபடியும் இடது பக்கத்தையே காட்டினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாசனையைத் தெரிந்தே தப்பாகச் சொல்கிறாள். அம்மாவின் காரியத்தன்று வராத அழுகை அப்போது வந்தது. மூக்கு போன துக்கத்தில் அழுகிறாள் என்று நினைத்து மேடம் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

“திரும்பி வரும். அது வரைக்கும் லேபிள் பகுதியில இரு. தடுப்பு உன்னுதுதான், அங்க வேற யாரையும் உக்கார வைக்க மாட்டேன்.”

அவள் எண்ணியபடியே நடந்தது. மூக்குத்திக்கு மூக்கு போச்சாம் என்ற செய்தி ஆலை முழுக்கப் பரவியதில், டபுள் ஏன் கெட்டது என்ற பேச்சு அமுங்கிப்போனது. “மானியை நம்பி இறக்கிட்டேன், மனசு சரியில்ல” என்று மாஸ்டர் சொன்னதை முதலாளி ஒப்புக்கொண்டார். வீட்டில் சாவு, யாருக்கும் தவறும். ஆனால் அதோடு முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவராக வந்து மாஸ்டரிடம் துக்கம் விசாரித்தார்கள்.

“கேள்விப்பட்டேன் மாஸ்டர். பாவம் அக்கா” என்றான் மூடி. “எங்க பெரியப்பாவுக்கு இப்படித்தான் ஆச்சு. கேஸ் கசியறதுகூடத் தெரியாது. சோறும் மண்ணும் ஒண்ணுதான் அவருக்கு. மனுஷன் சிரிக்கிறதையே விட்டுட்டாரு.”

“ம்” என்றார் மாஸ்டர்.

“நீங்கதான் பக்கத்துல இருந்து பாத்துக்கணும். அதோட கஷ்டம் நமக்கெல்லாம் புரியாது மாஸ்டர்.”

மாஸ்டர் தட்டிலிருந்த சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர் மேஜையிலிருந்து அவள் அவரைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை.

வீட்டுக்குப் போனதும் கேட்டார்: “நிஜமாவே தெரியலியா உனக்கு?”

அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டே இருந்தாள்.

“உன்னைத்தான் கேக்கறேன்.”

“தெரியலங்க” என்றாள். அவரிடமும் அதையே சொல்லத்தான் வேண்டியிருந்தது. உண்மையைச் சொன்னால் மறுநாளே போய் மேடத்திடம் நின்றுவிடுவார். அவர் சமையலறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றிருந்துவிட்டுப் போனார். நம்பினாரா என்று அவளுக்கு விளங்கவில்லை.

டபுளை வடிக்கிற நாள் வந்தது. கெட்ட தொட்டியை வடிப்பது மாஸ்டரின் கையால்தான் நடக்க வேண்டும் என்பது இன்னொரு வழக்கம். மத்தியானம், பின்முற்றத்துச் சாக்கடை வாய்க்கால் ஓரத்தில் ஐந்தாறு பேர் கூடியிருந்தார்கள். லேபிள் பகுதியிலிருந்து அவளும் வந்து சுவரோரம் நின்றாள். அவர் திருகைத் திறந்தார். கறுப்பாக, நுரைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் பழுத்தது மொத்தமும் வாய்க்காலில் இறங்கியது. வெயில் பட்ட இடங்களில் மாதுளைச் சிவப்பு.

வாடை முற்றம் முழுக்க எழுந்தது. மேடம் முந்தானையால் மூக்கை மூடினார். மூடி இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “யப்பா! மிட்டாய்க் கடைக்குள்ள விழுந்த மாதிரி இருக்கு” என்றான். ஒருவர் பின்வாங்கினார், ஒருவர் இருமினார். அவளுக்கும் குமட்டியது. ஆனால் மூக்கு இல்லாதவளாயிற்றே. கையை உயர்த்தாமல், முகத்தைச் சுளிக்காமல் நின்றாள். கண்ணில் மட்டும் நீர் கட்டியது.

எதிர்ப்பக்கம் மாஸ்டரும் அப்படியே நின்றார். அத்தனை முகங்களும் சுளித்திருக்க, இரண்டு முகங்கள் மட்டும் சுளிக்கவில்லை.

தானியக் கிடங்குக்காரர் அவர் பக்கத்தில்தான் இருந்தார். வாயில் வருவதைப் பேசிவிடுகிற மனுஷர். “நான்தான் அன்னிக்கே சொன்னேனே மாஸ்டர். மோந்து பாருய்யான்னு நீங்க கிளாஸை நீட்டினப்ப, மிட்டாய் மாதிரி மணக்குதுன்னு சொன்னேன்ல? நீங்க ரொம்ப சந்தோஷமா, மால்ட் நல்லா வந்திருக்குன்னு சொல்லி உடனே இறக்கச் சொன்னீங்க.”

மேடம் முந்தானையை இறக்கினார். “நீங்க எதுக்கு மாஸ்டர் அவரை மோந்து பாக்கச் சொன்னீங்க?”

அவர் திருகிலிருந்து கையை எடுத்துச் சட்டையில் துடைத்தார். சுவரோரம் நின்றவளைப் பார்த்தார். வேண்டாம் என்று அவள் தலையசைத்தாள். யாருக்கும் தெரியாதபடிதான் அசைத்தாள். அவருக்குத் தெரிந்தது.

“இப்ப வாடை வருதா மேடம்?” என்று கேட்டார்.

“என்ன கேள்வி இது? தெரு வரைக்கும் வரும்.”

“எனக்கு வரல. ரெண்டு வருஷமா எதுவும் வரல.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “அவளுக்கு வருது. அவ கண்ணைப் பாருங்க” என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள். அடக்கி வைத்திருந்த இருமல் அப்போது பார்த்து வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு இருமினாள். அதற்குமேல் சாட்சி எதுவும் தேவைப்படவில்லை.

மேடம் மெதுவாக அவளிடம் வந்தார். இத்தனை வருடங்களில் அவர் அவளை மூக்குத்தி என்று கூப்பிடாமல் பேசியது அன்றைக்குத்தான்.

“நடுவுல இருந்த கிளாஸ்னு தெரியுமா?”

“தெரியும் மேடம்.”

“ரெண்டு தடவையுமா?”

“ரெண்டு தடவையும்.”

“மூக்கு போயிருந்தா திரும்பி வரும்னு காத்திருந்திருப்பேன்” என்றார் மேடம். இனி அவள் எதைச் சொன்னாலும் நம்ப முடியாது என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பினார்.

முதலாளி நல்லவர். கத்தவில்லை. மாஸ்டரை அறைக்குள் உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, இத்தனை வருஷ உழைப்பை மறக்க முடியுமா என்றார். ஆலையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல ஆள் வேண்டியிருக்கிறது, வாசலில் ஒரு நாற்காலி போடச் சொல்கிறேன் என்றார். அவளை லேபிள் பகுதியிலேயே வைத்துக்கொண்டார்கள். ஓரத்துத் தடுப்பில் மறுவாரம் வேறு ஒரு பெண் உட்கார்ந்தாள்.

டபுளை வடித்த அன்று சாயங்காலம் அவர் சாப்பாட்டுப் பையைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தார். டபுள். வடிப்பதற்கு முன்னால் பிடித்திருந்தார். கிளாஸில் ஊற்றி அவள் பக்கம் தள்ளினார்.

“இப்பவாவது சொல்லு.”

“எதுக்குங்க அது?”

“நான் காய்ச்சினதும்மா. எப்படி இருக்குன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?”

அவள் உட்கார்ந்தாள். உள்ளங்கையால் மூடினாள், சுழற்றினாள், முகர்ந்தாள். ஒன்றையும் மறைக்கவில்லை. வெண்ணெய் எப்படி முன்னால் நிற்கிறது, ரொட்டி எங்கே ஒளிந்திருக்கிறது, இனிப்பு எங்கே நகராமல் நிற்கிறது, சூடு எங்கே தனியாகப் போகிறது, கருகல் எவ்வளவு கூடிப்போனது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் சொல்லச் சொல்ல அவர் தொண்டை அசைந்தது, கூடவே குடிக்கிற மாதிரி.

“நான் போன்ல அன்னிக்குத் திரும்பக் கூப்பிட்டிருந்தா...” என்று ஆரம்பித்தாள்.

“விடு. உங்கம்மா சாகக் கிடந்தாங்க.” கண்ணைத் திறக்காமலே கேட்டார்: “நல்லது ஒண்ணுமே இல்லியா அதுல?”

அவள் இன்னொரு வாய் குடித்தாள். அந்தக் கடைசிக் கசப்பு எழுந்து வருகிற வரைக்கும் காத்திருந்தாள். வந்தது. சுத்தமாக, அளவாக, அத்தனை குளறுபடிக்கும் பின்னால் தன் இடத்தில் நின்றது.

“கடைசியில ஒரு கசப்பு வருதுங்க. அது ரொம்ப நல்லா இருக்கு. உங்களைத் தவிர யாராலயும் அப்படி வைக்க முடியாது.”

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும். முற்றத்தில் மேடம் பார்த்த அதே பார்வை.

“நிஜமாவா?” என்றார்.

“நிஜமாத்தாங்க.”

அவர் தலையாட்டினார். குழந்தை காட்டும் படத்தைப் பார்த்து ஆட்டுகிற மாதிரி, மனசுக்குச் சமாதானமாக, மெதுவாக ஆட்டினார். பிறகு எழுந்து போய்க் கையைக் கழுவ ஆரம்பித்தார்.

நிஜமாகவே அது நன்றாக இருந்தது. அவள் கிளாஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நிமிர்த்தி வைக்கவும் இல்லை, கவிழ்க்கவும் இல்லை.